சனிக்கிழமை மாத்திரை

வெள்ளெலிக்கு வெல்லம் பிடிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். தவறு. அதற்குப் பிடித்தது பொட்டுக்கடலை. உள்ளங்கையில் வைத்து நீட்டினால் முன்னங்கால் இரண்டையும் என் விரல்மேல் ஊன்றிக்கொண்டு, புதுச் சம்பந்தி மாதிரி கொஞ்சம் கூச்சப்பட்டுத்தான் எடுத்துத் தின்னும். வேலூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் அவற்றுக்குத் தீனி வைப்பதும் கூண்டு கழுவுவதும் என் வேலை. அதை முதலில் சொல்லாவிட்டால் மற்றது உங்களுக்கு விளங்காது, இன்ஸ்பெக்டர் ஐயா. ரைட்டர் நிதானமாகவே எழுதட்டும். எனக்கு அவசரம் ஒன்றுமில்லை.

பெயர் ஆரோக்கியமேரி. ஊர் ஆம்பூர். வீட்டுக்காரர் அந்தோணி, தோல் பதனிடுகிற ஷாப்பில் கூலி வேலை பார்த்தவர், ஐம்பத்தைந்தாம் வருஷம் மாசி மாதம் இறந்துபோனார். பிள்ளைகள் இல்லை.

என்னை யாரும் பிடித்துக்கொண்டு வரவில்லை. நானாகத்தான் வந்தேன். தோல் ஷாப் சுப்பராயன் மேஸ்திரி கிணற்றில் விழுந்து செத்ததைத் தற்கொலை என்று எழுதி முடிக்கப்போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். ஊரும் அப்படித்தான் பேசுகிறது. நல்ல மனிதராம், யாருக்கும் கெடுதல் நினைக்காதவராம், என்னவோ வியாதி வந்து புத்தி கலங்கிவிட்டதாம். தெருப் பெண்கள் முந்தானையில் மூக்கைச் சிந்துகிறார்கள். தோல் ஷாப் முதலாளி வாஹித் பாஷா பாய் பாடை பின்னாலேயே சுடுகாடு வரைக்கும் நடந்து போனார். அந்தோணியைப் புதைத்த அன்று கல்லறை வரைக்கும் வந்தவர்கள் பெட்டியைத் தூக்கியவர்கள் மட்டும்தான். எனக்கு வயிறு எரிந்தது. மேஸ்திரி வியாதி வந்து சாகவில்லை. என் கையால் செத்தார். இது யாருக்கும் தெரியாமல் அவர் நல்ல மனிதராகவே போய்ச் சேர்வதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அந்தோணி ஆவாரம்பட்டை இடிக்கிற இடத்தில் வேலை செய்தார். தோல் பதப்படுத்த அந்தப் பட்டைதான் ஊறவைப்பார்கள். அதன் தூசு நெஞ்சில் படிந்து இளைப்பு வந்துவிட்டது. குடியும் உண்டு, மறைக்கமாட்டேன். மேஸ்திரி அவரை வேலையிலிருந்து நிறுத்தினார். கொஞ்ச நாள் வீட்டில் கிடந்தார். பிறகு திடீரென்று ஒருநாள் மேஸ்திரி அவரைக் கூப்பிட்டுக் கழிவுக் குழியில் இறக்கினார். சுண்ணாம்புத் தண்ணீரும், தோலிலிருந்து வழித்த மயிரும் சதையும் போய்ச் சேருகிற குழி அது. வருஷத்துக்கு ஒருதரம் ஆள் இறங்கி அள்ள வேண்டும். அடிச்சேற்றைக் கிளறினால் கெட்ட காற்று கிளம்பும் என்பது எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். அந்தோணி சில கூடைகள்தான் மேலே அனுப்பினார். அப்புறம் கூடை வரவில்லை. எட்டிப் பார்த்தவனையும் தலை சுற்றி விழாமல் காலைப் பிடித்து இழுக்க வேண்டியதாயிற்று.

மெட்ராஸிலிருந்து ஒரு சர்க்கார் அதிகாரி விசாரிக்க வந்தார். பட்டைக் கொட்டகையில் பெஞ்சு போட்டு உட்கார்ந்தார். நான் ஓரமாக நின்றேன். மேஸ்திரி முன்னால் நின்றார்.

"வேலைய வுட்டு நிறுத்தின ஆளு. எளைப்பு வேற. யார் சொல்லி அவனைக் குழியில எறக்கினீங்க?" என்று அதிகாரி கேட்டார்.

மேஸ்திரி தலையைத் தூக்கி நேராக என்னைப் பார்த்தார். கண்ணெடுக்காமல் பார்த்தார். பிறகு அதிகாரி பக்கம் திரும்பி, "ஞாபகம் இல்லீங்க" என்றார். அதிகாரி மறுபடி கேட்டார். மறுபடியும் அதையே சொன்னார்.

ஒரு மனிதனைச் சாகக் கொடுத்துவிட்டு, அவன் பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஞாபகம் இல்லை என்று சொல்ல எவ்வளவு திமிர் வேண்டும். அன்றிலிருந்து எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். அந்தோணியை இறக்கியது நான்தான் என்று அந்த மனிதர் தன் வாயால் சொல்ல வேண்டும். மற்ற ஆறுதல் எதுவும் என் காதில் ஏறவில்லை. இரண்டு வேளைச் சாப்பாடு இறங்கியது, தூக்கமும் வந்தது, ஆனால் கண்ணை மூடினால் அந்த முகம்தான்.

எங்கள் சர்ச் பங்குச்சாமியார் சிபாரிசில் வேலூரில் வேலை கிடைத்தது. ஆஸ்பத்திரியைச் சேர்ந்த வேலை என்றதும் சமையல்கட்டு என்று நினைத்துப் போனேன். எலி அறையில் கொண்டுபோய் விட்டார்கள். தோல் ஷாப் நாற்றத்தில் வளர்ந்தவளுக்கு எலிமூத்திர வாடை ஒரு பொருட்டில்லை. வேலை எனக்குப் பிடித்தும் போயிற்று.

அங்கே டாக்டர் சாமிநாதன் ஒரு பெட்டி வைத்திருந்தார். நடுவில் குட்டையாக ஒரு தடுப்பு. தரை முழுவதும் மெல்லிய இரும்புக் கம்பிகள். எலியை ஒரு பக்கம் விட்டு மணி அடிப்பார். மணி அடித்துக் கொஞ்சம் பொறுத்துக் கம்பியில் கரண்டு வரும். எலி கீச்சென்று கத்தித் தடுப்பைத் தாண்டி அந்தப் பக்கம் குதிக்கும். அந்தப் பக்கம் கரண்டு கிடையாது. சில நாள் இப்படிப் போனால் எலி கற்றுக்கொண்டுவிடும். மணிச் சத்தம் கேட்டதுமே, கரண்டு வருவதற்கு முன்பே, தாண்டிப்போய் உட்கார்ந்து மீசையைத் துடைத்துக்கொள்ளும். அப்படித் தேர்ந்த எலிக்கு டாக்டர் ஒரு ஊசி போடுவார். சர்ப்பகந்தி வேரிலிருந்து எடுத்த மருந்து. மறுநாள் மணி அடித்தால் எலி அப்படியே உட்கார்ந்திருக்கும். கரண்டு வந்த பிறகுதான் குதிக்கும்.

முதல்முறை பார்த்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

"காது கெட்டுப்போச்சா டாக்டர்?" என்று கேட்டேன்.

"காது நல்லா இருக்குது மேரி. பாரு, மணி அடிச்சா தலையத் திருப்புது. காலும் நல்லா இருக்குது, கரண்டு வந்தா குதிக்குது. மணிக்கு அப்புறம் இன்னா வரும்ங்கறதுதான் அதுக்கு இல்லாம போய்ட்டுது."

"மறந்துடுச்சா?"

"மறந்துடுச்சா, இல்ல ஞாபகம் இருந்தும் அக்கறை இல்லாம உக்காந்திருக்குதா, அதான் எங்களுக்கே தெரியல. மூளையில செரோட்டோனின்னு ஒரு சத்து இருக்குது. இந்த மருந்து போனா அது கரைஞ்சு காலியாயிடுது. அது கம்மியானா கத்துக்கிறது ஏற மாட்டேங்குது, கத்துக்கிட்டதும் நிக்க மாட்டேங்குதுன்னு ஒரு சந்தேகம். நிச்சயமா சொல்ல முடியாது. வேற சில சத்தும் கூடவே காலியாவுது."

"எங்க ஷாப்ல தோலுக்குப் பட்டைத் தண்ணி ஏறலன்னா எத்தனை நாள் போட்டாலும் பச்சைத் தோல்தான் டாக்டர். அழுகிடும்."

"அப்டியே வெச்சுக்கோ" என்று சிரித்தார்.

நல்ல மனிதர். எலி அறைக்காரிதானே என்று நினைக்காமல் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்வார். வேறு சில எலிகளுக்கு வெறும் உப்புத்தண்ணீரை ஊசி போட்டுப் பக்கத்தில் வைத்திருப்பார். மருந்தால்தான் இப்படி ஆயிற்று என்று எப்படித் தெரியும், மருந்து போகாத ஒன்றையும் பார்க்க வேண்டும் அல்லவா என்பார். ஊசியை நிறுத்தினால் எலி கொஞ்ச நாளில் தேறி, பழையபடி மணிக்குத் தாண்டும். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். நிறுத்தினால் தேறும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

இனி சனிக்கிழமை சங்கதிக்கு வருகிறேன். ஆம்பூரிலிருந்தோ குடியாத்தத்திலிருந்தோ ஒருத்தர் வேலூர் ஆஸ்பத்திரிப் பக்கம் வேலைக்குப் போனால், அவர் ஊருக்கே பாதி டாக்டர் ஆகிவிடுவார். அது எங்கள் பக்கத்து வழக்கம். வாரம் முழுவதும் நான் வேலூரில் தங்கியிருப்பேன். சனிக்கிழமை சாயங்காலம் பாசஞ்சர் வண்டியில் ஆம்பூரில் இறங்குவேன். தெருமுனையிலேயே நாலு பேர் நிற்பார்கள். இருமல் மருந்து, கண்ணுக்கு விடுகிற மருந்து, சர்க்கரை வியாதிக்காரரின் ஊசி மருந்து, எல்லாம் என் பையில்தான் வரும். சீட்டு இங்கிலீஷில் இருக்கும். யார் படிப்பார்கள்? காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று நான் வாயால் சொல்வதுதான் அவர்களுக்குச் சீட்டு. வேலூரில் பெரிய டாக்டர் பார்த்து எழுதியதைவிட, தெருவில் மேரி சொல்வதற்கு மதிப்பு ஜாஸ்தி. டோஸ் ஏற்றியிருக்கிறார்கள் என்று நான் சொன்னால் ஏன் என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை.

மேஸ்திரிக்குப் போன ஆடியில் மயக்கம் வந்து, வேலூருக்குக் கொண்டுவந்து காட்டினார்கள். ரத்தக்கொதிப்பு என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். மருந்து கொடுக்கும் ஜன்னலில் அவருக்காக வாங்கியபோது பெயரைப் பார்த்தேன். நான் இங்கிலீஷ் படித்தவளில்லை, ஆனால் எலி அறையில் அந்தப் புட்டியைத் தினமும் துடைத்து வைக்கிறவள். அதே எழுத்துகள். சர்ப்பகந்தி.

அன்றைக்கு எனக்கு நினைப்பு ஒன்றும் பெரிதாக ஓடவில்லை. ஞாபகம் இல்லை என்றாரே, அது நிஜமாகவே ஆகட்டுமே என்று தோன்றியது, அவ்வளவுதான். பொய் சொன்னவருக்கு அந்தப் பொய்யையே கொடுப்பதில் என்ன அநியாயம் இருக்கிறது?

நான் ஒருநாளும் அவருக்கு ஏமாற்றி எதையும் ஊட்டவில்லை. டாக்டர் கொஞ்சம் ஏத்தச் சொன்னாரு மேஸ்திரி என்பேன். அவரே கையை நீட்டி வாங்கி, அவரே தண்ணீர் ஊற்றி விழுங்குவார். அவர் வீட்டில் அதற்கு முன்பு நான் வாசற்படிக்கு வெளியே நின்றுதான் பேசியிருக்கிறேன். மாத்திரை கொண்டுவர ஆரம்பித்த பிறகு உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டார்கள். அவர் வீட்டுக்காரி தாயாரம்மாள் எனக்கு எவர்சில்வர் டம்ளரில் காப்பி கொடுத்தாள்.

கூடுதல் மாத்திரைக்கு என்ன செய்தேன் என்று கேட்கிறீர்கள். எங்கள் தெருவில் பீடி சுற்றும் அமிர்தவள்ளிக்கும் அதே வியாதி, அதே மாத்திரை. உனக்கு டாக்டர் கம்மி பண்ணிட்டார் என்று சொல்லி அவள் பங்கிலிருந்து எடுத்துக்கொண்டேன். கார்த்திகையில் அவளுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. இப்போது பேச்சும் குழறுகிறது. அதில் எனக்கு மெய்யாகவே வருத்தம்தான். சனி ஞாயிறுகளில் நானே போய்க் கஞ்சி ஊட்டிவிட்டு வருகிறேன். என் கையால்தான் சாப்பிடுவேன் என்று அடம்பிடிக்கிறாள், பாவம்.

மேஸ்திரிக்கு முதலில் மூக்கடைப்பு வந்தது, பிறகு தூக்கம், பிறகு நடை மெதுவாயிற்று. நான் காத்திருந்தது வேறு ஒன்றுக்கு. அந்தச் சமயம் வாஹித் பாஷா பாய் மெட்ராஸிலிருந்து புதுப் பீப்பாய் மெஷின் வரவழைத்தார். ஆவாரம்பட்டைக்குப் பதில் புது மருந்து போட்டுச் சுற்றுகிற மெஷின். மேஸ்திரி அதைக் கற்றுக்கொள்ள வேண்டும். பழைய வேலை அவர் கையில் அப்படியே இருந்தது. இருட்டில் தடவினாலும் ஆட்டுத்தோலையும் செம்மறித்தோலையும் பிரித்துவிடுவார். புது வேலை மட்டும் ஏறவில்லை. காலையில் காட்டினால் மத்தியானம் இல்லை. அவர் கீழே வேலை செய்த பையன்கள் சிரித்தார்கள். இரண்டு லோடு தோல் கெட்டுப்போயிற்று.

பாய் அதட்டக்கூட இல்லை. "வீட்ல ரெஸ்ட் எடுங்க மேஸ்திரி. பேஜார் வேணாம். உடம்பு சரியானதும் வாங்க" என்று அனுப்பிவிட்டார். எத்தனை வருஷம் அந்த இடத்தில் அதிகாரம் பண்ணினாரோ, அந்த இடத்திலிருந்து குடையை எடுத்துக்கொண்டு தலைகுனிந்து வெளியே வந்தார். எனக்கு இது யாரோ சொல்லித்தான் தெரியும். நேரில் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

மகள் சாவித்திரிக்குப் பிரசவமாகிப் பேரன் பிறந்தான். தணிகைவேல் என்று பெயர் வைத்தார்கள். நான் போகும்போதெல்லாம் தாயாரம்மாள் குழந்தையைக் காட்டி, "யார் இது, சொல்லுங்க" என்பாள். அவர் குழந்தையைப் பார்ப்பார், பெண்டாட்டியைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார். அந்தப் பெயர் அவருக்கு ஒருநாளும் வரவில்லை. தாயாரம்மாள் அடுப்பங்கரைக்குப் போய் அழுவாள்.

"ஆஸ்பத்திரில கேட்டியா மேரி? இது இன்னா வியாதி?" என்று என் கையைப் பிடித்துக்கொள்வாள்.

"கேட்டேன் மேஸ்திரியம்மா. மாத்திரைய வுட்டுடாதீங்க, அதான் முக்கியம்னாங்க" என்பேன்.

தை மாதத்தில் அவர் சுவரைப் பார்த்து உட்கார ஆரம்பித்தார். பேச்சு குறைந்தது. கண்ணில் தண்ணீர் தானாக வழியும், துடைக்கமாட்டார். ஒரு சனிக்கிழமை தாயாரம்மாள் தண்ணீருக்குப் போயிருந்தாள். நான் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

"மேரி" என்றார்.

"சொல்லுங்க மேஸ்திரி."

"அந்தோணிய நான்தான் எறக்கினேன். எளைப்பு இருக்குதுன்னு தெரியும். தெரிஞ்சுதான் எறக்கினேன். இடுப்புல கயிறு கட்டி எறக்கியிருக்கணும். அவசரத்துல கட்டல. கட்டியிருந்தா இழுத்துப் போட்டிருக்கலாம்."

எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்துபோயிற்று. சந்தோஷம் என்றுதான் சொல்ல வேண்டும், வேறு சொல் தெரியவில்லை. நாலு வருஷமாக நெஞ்சில் குத்திக்கொண்டிருந்தது கரைந்து ஓடியது. அன்று வீட்டுக்குப் போய் மீன் வாங்கிக் குழம்பு வைத்துச் சாப்பிட்டேன்.

வேண்டியது கிடைத்துவிட்டதே, அத்தோடு நிறுத்தியிருக்கலாமே என்கிறீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அடுத்த சனிக்கிழமை போனால், போன வாரம் சொன்னது அவருக்கு நினைவே இல்லை. நான் மெல்ல அந்தோணி பெயரை எடுத்தேன். முதல்தடவை சொல்வதுபோலவே மென்று விழுங்கி, நடுங்கி, அழுது, திரும்பவும் சொன்னார். அதற்கு அடுத்த வாரமும் சொன்னார். பழகிப்போகாமல் ஒவ்வொரு தடவையும் புதிதாகவே அவருக்கு வலித்தது. வண்டியில் வரும்போதே எனக்கு அந்த நேரம் எப்போது வரும் என்று இருக்கும். நான் பாவசங்கீர்த்தனத்துக்குப் போவதை விட்டு ரொம்ப நாளாயிற்று. சாமியாரிடம் சொன்னால் அவர் மன்னித்துவிடுவார். எனக்கு மன்னிப்பில் விருப்பமில்லை. மேஸ்திரி சொல்ல நான் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும், அதுவே போதுமாக இருந்தது.

பங்குனியில் ஒருநாள் வழக்கம்போல ஆரம்பித்தார். நடுவில் வேறு எதையோ சேர்த்துவிட்டார்.

"நீ வந்து கேட்டதும் எனக்கு மனசு கேக்கல மேரி. வேணாம்னு சொல்லியிருக்கணும். அவனுக்கு மூச்சு தாங்காதுன்னு உங்கிட்டயும் சொன்னேனே. நீ வாசல்ல நின்னு அழுத. சரி போனு குடுத்துட்டேன்."

மருந்து மூளையைக் கலக்கி, நடக்காததெல்லாம் பேச வைக்கிறது என்று நினைத்தேன். ஆனால் நினைத்தால் போதாது அல்லவா? டாக்டர் சாமிநாதனிடம் இருந்தவள் நான். பக்கத்தில் இன்னொன்றை வைத்துப் பார்க்க வேண்டும். என் அப்பா நாற்பத்தாறாம் வருஷம் மல்லாட்டைக் கொல்லையில் கடலை பிடுங்கும்போது பாம்பு கடித்துச் செத்தார். அப்போது மேஸ்திரி ஆம்பூரிலேயே இல்லை, நாட்றம்பள்ளியில் இருந்தார். எங்களைத் தெரியவே தெரியாது.

"மேஸ்திரி, எங்கப்பாவப் பாம்பு கடிச்சுதே. அந்தப் பாம்பக் கொண்டாந்து வுட்டது நீங்கதான?" என்று கேட்டேன்.

அவர் என்னை ரொம்ப நேரம் பார்த்தார். உதடு கோணிக்கொண்டது.

"ஆமா மேரி" என்றார். "நான்தான். மன்னிச்சுடு."

சந்தேகம் தீர்ந்தது. இந்த மனிதர் வாயிலிருந்து வருவதை நம்புவதற்கில்லை. ஆகவே நான் வந்து கேட்டேன் என்று சொன்னதும் வெறும் பிதற்றல். அந்தோணியை அவர்தான் இறக்கினார் என்பது மட்டும் உண்மை, ஏனென்றால் அது எனக்கு முன்பே தெரிந்த விஷயம். ரைட்டர் ஏன் எழுதாமல் நிறுத்திவிட்டார்? நான் சொல்வது சரியாகத்தானே இருக்கிறது.

அந்த வாரமே இன்னும் ஏற்றினேன். அப்படிப்பட்ட பிதற்றலை அவர் திரும்பத் திரும்பச் சொல்லி, யாராவது காதில் விழுந்து வைத்தால் நன்றாகவா இருக்கும்? அதற்குப் பிறகு அவர் அதிகம் பேசவில்லை. கை நடுங்கியது, வாயோரம் எச்சில் வழிந்தது, சோற்றை எதிரில் வைத்தால் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். தாயாரம்மாள் ஊட்டினாள். சித்திரையில் ஒருநாள், "நான் இருந்து இன்னா பிரயோஜனம்" என்று மட்டும் சொன்னார். இந்த மருந்து சிலருக்கு அப்படி ஒரு மனச்சோர்வைக் கொண்டுவரும், உயிரையே வெறுக்க வைக்கும், அதனால் கவனம் வேண்டும் என்று டாக்டர் ஒருதரம் இன்னொரு டாக்டரிடம் சொன்னதை நான் கூண்டு கழுவும்போது கேட்டிருக்கிறேன். ஆகையால் எனக்குத் தெரியாது என்று சொல்லமாட்டேன்.

புதன்கிழமை காலையில் தோல் ஷாப் கிணற்றில் கிடந்தார் என்று சேதி வந்தபோது நான் எலிகளுக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தேன். மாற்றி முடித்துவிட்டுத்தான் லீவு சொல்லிக் கிளம்பினேன். சாவுக்குப் போய்த் தாயாரம்மாளைக் கட்டிக்கொண்டு அழுதேன். அழுகை வந்தது. வரும் என்று நானே நினைக்கவில்லை.

ஆக, மாத்திரையைக் கூட்டிக் கொடுத்தது நான். அது என்ன செய்யும் என்று தெரிந்து கொடுத்தேன். நிறுத்தினால் தேறுவார் என்று தெரிந்து நிறுத்தவில்லை. தாயாரம்மாளுக்கு இதில் எதுவும் தெரியாது. ஆஸ்பத்திரி மேலும் டாக்டர் மேலும் பழி இல்லை. தண்டனை எதுவானாலும் சரி. ஊரில் மட்டும் இதைச் சொல்லிவிடுங்கள். மேஸ்திரி தண்டிக்கப்பட்டுச் செத்தார் என்று எல்லோருக்கும் தெரிய வேண்டும்.

என்ன, தாயாரம்மாள் நேற்றே இங்கே வந்து போனாளா?

அப்படியா சொன்னாள். அந்தோணி செத்ததற்கு முதல் நாள் சாயங்காலம் நான் அவர்கள் வீட்டுக்குப் போனேனாம். குழி வேலையாவது கொடுங்கள் என்று வாசலில் நின்று அழுதேனாம். அவனுக்கு மூச்சு தாங்காது, வேண்டாம் என்று மேஸ்திரி சொல்லியும் நான் விடவில்லையாம். விசாரணையில் அதைச் சொன்னால், புருஷனைச் சாவுக்கு அனுப்பியவள் என்று ஊர் என்னைப் பேசுமே, மேரி உயிரோடு இருக்கமாட்டாளே என்றுதான் ஞாபகம் இல்லை என்று சொன்னாராம். பெண்டாட்டியிடம் மட்டும் சொல்லி, வெளியே மூச்சு விடக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாராம். அவர் போன பிறகுதான் அவள் வாயைத் திறக்கிறாளாம்.

கொஞ்சம் தண்ணீர் கொடுக்கச் சொல்லுங்கள்.

தாயாரம்மாள் சொன்னதில் ஒரு தப்பு இருக்கிறது ஐயா, அதைத் திருத்தி எழுதிக்கொள்ளுங்கள். நான் அழவில்லை. யார் வாசலிலும் நின்று அழுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. நின்று கேட்டேன், அவ்வளவுதான். அவர் முடியாது என்றார், மறுபடி கேட்டேன். வீட்டில் குடித்துவிட்டுச் சுருண்டு கிடக்கிற புருஷனைப் பகலெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிற பெண்பிள்ளை ஆயிரம் கேட்பாள். கேட்டால் கொடுத்துவிடுவதா ஒரு மனிதன்?